பள்ளிப் பாதுகாப்பும் பள்ளி மேலாண்மைக் குழுவும்

அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கு நேரக்கூடிய ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து நீக்குவதற்குப் பெற்றோர், ஆசிரியர், உள்ளாட்சி உறுப்பினர், ஊரார் ஆகியோர் சேர்ந்து வகுப்பது பள்ளிப் பாதுகாப்புத் திட்டம் ஆகும். தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்கு உரிய அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழு.

பின்னணி

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் இறந்தனர். கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் அன்று புதிதாக முளைத்தவை அல்ல. நாள்தோறும் பலர் கண்ணில் பட்டவைதான். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதையடுத்து மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டன. இரண்டு முறையும் விபத்துக்குப் பிறகே கணக்கெடுப்பு நடந்தது.

சட்டம் தரும் இடம்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி, குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். 22ஆம் பிரிவு குழுவைப் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அரசும் உள்ளாட்சியும் ஒதுக்கும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்றும் கூறுகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இந்த வரியைத்தான். விரிசல் விட்ட சுவர் திட்டத்தில் எழுதப்படாவிட்டால், அதற்குப் பணம் கேட்க ஆதாரம் இல்லாமல் போகிறது. சில ஊர்களில் தயாராக எழுதிவைத்த தாளில் பெற்றோர் கையெழுத்து மட்டும் இட்டுச் செல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

செய்யும் முறை

முதலில் பள்ளியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். கூரைப் பூச்சு, சுற்றுச்சுவர், திறந்த கிணறு, தாழ்வான மின்கம்பி, எரிவாயு உருளை வைக்கும் இடம், பள்ளி விடும் நேரத்தில் வாயிலின் முன் வரும் வண்டிகள் ஆகியவற்றைக் குறிக்கலாம். பாழடைந்த அறையைப் பூட்டினால் மட்டும் போதாது. அதன் நிழலில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்தப் பக்கம் போகாதபடி வேலி கட்ட வேண்டும்.

பிள்ளைகளையும் கேட்க வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பள்ளியின் படத்தைக் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம் போடச் சொன்னோம். பழைய சுவரைக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். பெண் பிள்ளைகள் பெரும்பாலோர் வட்டமிட்டது தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவை. அங்கே போக நேருமே என்று சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். மறுநாளே ஒரு தாழ்ப்பாள் வாங்கி மாட்டினோம். அத்தனை ஆண்டுகள் அந்தக் கதவைக் கடந்து போன ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

கண்டவற்றை இரண்டாகப் பிரிப்பது நல்லது. கிளை வெட்டுவது, தாழ்ப்பாள் போடுவது, கிணற்றை மூடுவது போன்றவற்றை ஊரே செய்துவிடலாம். கட்டடப் பழுது, மின்கம்பி, வேகத்தடை ஆகியவற்றுக்கு உரிய துறைக்கு எழுத வேண்டும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் பெயரும் முடிக்க வேண்டிய நாளும் தீர்மானப் பதிவேட்டில் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் கேள்வி கேட்க முடியும்.

குழு தீர்க்கக் கூடாதது

குழந்தை மீதான பாலியல் குற்றத்தை ஊர்க் கூட்டத்தில் பேசி முடிக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும், பெண்ணின் எதிர்காலம் போய்விடும் என்று சொல்லித் தடுப்பவர் எந்த ஊரிலும் இருப்பர். குழந்தை உதவி எண் 1098ஐ, பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகத் தெரியும் உயரத்தில் சுவரில் எழுதிவைக்க வேண்டும். தலைமையாசிரியர் அறைக்குள் அல்ல, தண்ணீர்க் குழாயின் பக்கத்தில்.