கோடி என்றால் இருபது

“நேத்து ஒரு நாள்ல ஐம்பது கோடி அனுப்பிட்டேன்” என்றார் சாச்சா. அவர் அதைச் சொன்னது, எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு சந்தில். அகமதாபாத், ஜமால்பூர். ஒரே அறை. பரண் வரைக்கும் காகிதக் கட்டு. கீழே பாய் விரித்து நான்கு பெண்கள்.

சாச்சா பட்டம் செய்பவர். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவரே விளக்கினார். குஜராத்தியில் கோடி என்றால் இருபது. பட்டத்துக்கு அங்கே கோடிக் கணக்கில்தான் விலை. அவ்வளவு வேண்டாம் என்பவர் ஒரு ‘பஞ்சா’ வாங்கலாம், அதாவது ஐந்து. ஐம்பது கோடி என்றால் ஆயிரம் பட்டம். அதில் உங்களுக்கு என்ன நிற்கும் என்று கேட்டேன். விரலில் இருந்த பசையைச் சட்டி விளிம்பில் வழித்தார். “கோடிக்கு ஒரு டீக் காசு. சில வருஷம் அந்த டீயும் கடன்தான்.”

நான் மணிநகரில் குடியிருந்த காலம் அது. தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. நாம் பொங்கல் பானை வைக்கிற அதே ஜனவரி 14 அங்கே உத்தராயண். மறுநாள் ‘வாசி உத்தராயண்’, பழசாகிப்போன உத்தராயண் என்று பொருள். இந்த இரண்டு நாளும் ஊரே மொட்டை மாடியில்தான். உந்தியு கறி, எள்ளு மிட்டாய், கரும்பு எல்லாம் மாடிக்கே வந்துவிடும். ஒரு பட்டம் அறுந்தால் ‘காய்ப்போ ச்சே’ என்று ஒரு தெருவே கத்தும். அந்த இரண்டு நாளுக்காகச் சாச்சா வீட்டில் வருஷத்தில் பத்து மாதம் பசை காய்ச்சுகிறார்கள்.

சண்டைப் பட்டத்தை நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். ஒரு சதுரத் தாள், இரண்டு மூங்கில் குச்சி. ஆனால் அது ஏழெட்டுக் கை மாறித்தான் முழுசாகிறது. ஒருவர் தாளை அடுக்கி வெட்டுவார். நிலா, பட்டை என்று வண்ணத் துண்டுகளை வெட்டி ஒட்ட இன்னொருவர். நடுக்குச்சிக்கு ‘தட்டோ’ என்று பெயர். அதை ஒட்டுவது ஒரு கை. வில்லாக வளைகிற குறுக்குக் குச்சி ‘கமான்’; அது வேறு கை. ஓரத்தில் நூல் வைத்து மடித்து ஒட்டுவது தனி வேலை, வால் முக்கோணம் ஒட்டுவது கடைசி வேலை. பாதி வேலை சந்தின் மற்ற வீடுகளுக்குப் போய்த் திரும்பும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. சோறு வடிக்கிற நேரம் போக மீதி நேரத்தில் ஆயிரத்தை எட்ட வேண்டும்.

இதில் சாச்சா யாரிடமும் விடாத வேலை ஒன்று உண்டு. கமான் குச்சியை நடுவில் இரண்டு விரலால் பிடித்து, இரு முனையையும் கீழே அழுத்திப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. சுருண்டு விழுகிற சீவல் நகத்துணுக்கு அளவுதான் இருக்கும். திரும்ப வளைப்பார். குச்சி நடுவில் தடித்து முனைக்குப் போகப் போக மெலிந்திருக்க வேண்டும். காற்று அடிக்கும்போது வில் பின்னால் வளைந்து பட்டம் நேரே நிற்கும், நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து பட்டம் சுழலும். அந்தச் சுழற்சியை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதுதான் மாடியில் நிற்பவரின் வித்தை. அதற்குக் குச்சி ஒத்துழைக்க வேண்டுமே! ஒரு பக்கம் கனத்தால் பட்டம் அந்தப் பக்கமே சாயும். வாங்கியவர் மறுபக்கத்துக் குச்சியில் காகிதத் துண்டைச் சுற்றிச் சரிக்கட்டிப் பார்ப்பார். சாச்சாவுக்கு அது அவமானம்.

நூலைக் கோப்பதை மட்டும் இவர்கள் செய்வதில்லை. சென்னையில் சூத்திரம், யாழ்ப்பாணத்தில் முச்சை, இங்கே ‘கின்னா’. அதை வாங்குகிறவரே கட்டிக்கொள்ள வேண்டும். பதின்மூன்றாம் தேதி இரவு வீட்டுக்கு வீடு குடும்பமே உட்கார்ந்து பட்டத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

தொழிலாகப் பார்த்தால் இதைப் போல விசித்திரம் வேறு இல்லை. தாளையும் குச்சியையும் மழைக்காலத்துக்கு முன்பே வாங்கிப் போட வேண்டும். சிறு பட்டறைக்காரரிடம் அவ்வளவு காசு ஏது? மொத்த வியாபாரி முன்பணம் தருவார். முன்பணம் தந்தவர் சொன்னதுதான் விலை. மழையில் பசை காயாது, தாள் நமுத்துப்போகும். மைதாப் பசை என்றால் எலிக்கும் கரப்பானுக்கும் விருந்து. அதற்காகக் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். செய்து அடுக்கியதை அந்த ஒரே அறையில் மாதக்கணக்கில் காக்க வேண்டும். அதன் அடியில்தான் பிள்ளைகள் தூங்குவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ராய்ப்பூர் தர்வாஜா சந்தையில் கடைசி இரவுக் கூட்டத்தில் விலை ஏறினால் அந்த ஏற்றம் கடைக்காரருக்கு. பதினான்காம் தேதி காற்று வீசாமல் கழுத்தறுத்தால் அடுத்த வருஷ முன்பணம் குறையும், அது சாச்சாவுக்கு. இலாபம் மேலேயே நின்றுவிடுகிறது, நட்டம் மட்டும் சந்துக்குள் வழி தெரிந்து வருகிறது என்று எனக்குப் பட்டது. 2021-இல் கொரோனாக் கட்டுப்பாடு, மாடியில் வெளியாட்கள் கூடக் கூடாது என்றார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அரசின் சர்வதேசப் பட்டத் திருவிழாவும் இல்லை. 1989-இல் தொடங்கிய விழா அது. சந்தில் அடுக்கிய பட்டம் அடுக்கியபடி இருந்தது.

மாஞ்சா பற்றிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கழுத்தறுந்த செய்திகள் சென்னையில் நமக்கும் பழக்கம்தான். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. அடிபட்ட பறவைகளைக் காக்க குஜராத் அரசு ஜனவரி 10 முதல் 20 வரை ‘கருணா அபியான்’ நடத்துகிறது. தடை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போலீஸ் வருகிறது என்றால் தாளும் பசையும் தவிர வேறொன்றும் இல்லாத பட்டறையிலும் பயந்து கதவைச் சாத்துகிறார்கள். “நூல் அறுக்கும், பேர் பட்டத்துக்கு” என்றார் அவர் மனைவி சாச்சி, தலை நிமிராமல்.

சட்டம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1934-ஆம் வருடத்து விமானச் சட்டம், ‘விமானம்’ என்பதற்குள் பலூனோடு பட்டத்தையும் சேர்த்திருந்தது. இதைச் சாச்சாவிடம் சொன்னேன். பாயில் இருந்த நான்கு பெண்களையும் சுட்டி, “பைலட்டுங்க” என்றார். பால்டியில், லெ கார்பூசியே வடிவமைத்த சம்ஸ்கார் கேந்திராவில், பட்டத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருந்தது. போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அங்கே கண்ணாடிக்குள் இருப்பதை இங்கே மிதித்துவிடாமல் நடப்பதே பெரும்பாடு என்றார்.

பதினைந்தாம் தேதி மாலை அவர் வீட்டு மாடிக்குப் போனேன். வேப்பமரம், மின்கம்பி, தண்ணீர்த் தொட்டி, எங்கும் அறுந்த பட்டங்கள். பொடியன்கள் முள் கட்டிய நீண்ட மூங்கிலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். சாச்சா பட்டம் விடுவதில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மற்றவர் பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று இடப்பக்கம் சாய்ந்தபோது மட்டும் உச்சுக்கொட்டினார்.

அறுந்த பட்டம் ஒன்று ஆடி ஆடி வந்து அவர் காலடியில் விழுந்தது. எடுத்து ஓரத்தைத் தடவினார். வேறு பட்டறை. தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அப்படியே தாளைக் கிழித்தெடுத்து, கமானை உருவி, நடுவில் இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

“நல்ல குச்சி” என்று சொல்லிக் காதில் செருகிக்கொண்டார், தச்சர் பென்சில் செருகுவதைப் போல.