கறுத்த பானையை எடைக்குப் போடாதீர்கள்

எங்கள் கிராமத்துக்குப் பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் முதலில் வெளியே வருவது அலுமினியப் பானைகள்தான். "உள்ளுக்குக் கறுத்துப் போச்சு, இனி உதவாது" என்று கொடுத்துவிடுகிறார்கள். அவர் தரும் காசுக்குப் புதுப் பானையின் மூடிகூட வராது. தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் எங்களுக்கு இது சிறிய நட்டமல்ல. நான் சோறு காய்ச்சும் பானை 2009இல் செட்டிகுளம் முகாமில் தந்தது. இன்றும் அதில்தான் எங்கள் வீட்டுச் சோறு.

பானையின் உள்ளே படியும் கருமை ஊத்தை அல்ல, நஞ்சும் அல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதிகம். அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியத்தின் மேற்படை மாறிக் கறுக்கிறது. காரத்தால் வந்ததைப் புளிப்பால் எடுக்கலாம். கறை நிற்கும் மட்டத்துக்கு மேலே வரத் தண்ணீர் விட்டு, தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து, கால் மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால் பழைய வெள்ளை தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு நன்றாக அலசுங்கள். பிழிந்த தேசிக்காய்க் கோதுகளைப் போட்டும் அவிக்கலாம். நான் அவற்றை எறிவதேயில்லை. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் இதற்கே கழரும்.

அடுத்ததைச் சொன்னால் அம்மாமார் கோபிப்பார்கள். சாம்பலும் காரம்தான், அப்பச்சோடாவும் அப்படியே. அலுமினியத்தின் உட்புறத்தில் இவற்றைப் போட்டு ஊறவிட்டால் இன்னும் கறுக்கும், உலோகத்தையும் அரிக்கும். சாம்பலை வெளிப்புறக் கரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சுகமான வழி ஒன்றுண்டு. விறகடுப்பில் ஏற்றுமுன் பானையின் வெளிப்புறம் முழுவதும் ஈரச் சவர்க்காரத்தைப் பூசிவிட்டால், பிறகு கழுவும்போது கரி தண்ணீரோடு போய்விடும். கை நோகத் தேய்க்கத் தேவையில்லை.

பழப்புளி கறையை எடுப்பதுபோல உலோகத்தையும் கொஞ்சம் கரைக்கும். ஆகவே புளிக்குழம்பு, ரசம், தயிர் போன்றவற்றை அலுமினியத்தில் இரவு முழுக்க வைக்க வேண்டாம். மண்சட்டி இருக்கிறதே! அடி குழிகுழியாகி மெலிந்த பானையை மட்டும் எடைக்குப் போடலாம்.

பித்தளைக்கும் செம்புக்கும் கதை வேறு. இடம்பெயரும்போது நிலத்தில் புதைத்துவிட்டுப் போன குடங்களைத் திரும்பிவந்து தோண்டி எடுத்தவர்கள் எங்களுக்குள் பலர். அவற்றில் பிடித்திருக்கும் பச்சைக் களிம்பு வயிற்றுக்குக் கூடாது. பழப்புளியும் உப்பும் சேர்த்துப் பச்சை முற்றாகப் போகும்வரை தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவையுங்கள். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிப்பான எதையும் சமைக்க வேண்டாம்.

இன்னும் தோண்டாமல் விட்டிருப்பவர்கள், அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள். தோண்டும்போது பாத்திரம் அல்லாத வேறு இரும்போ பித்தளையோ தட்டுப்பட்டால் அதைத் தொடாமல், பிள்ளைகளையும் கிட்ட விடாமல், உடனே அறிவியுங்கள்.