பின்நிகழ்வும் விளைவும்: ஆங்கில ஒருபொருட்பன்மொழிகளும் தமிழாக்கமும்

திறவுச்சொற்கள்: காலவரிசை, காரணகாரியம், இணைப்புச்சொற்கள், மொழிபெயர்ப்பு

ஒன்றன்பின் ஒன்று நிகழ்வது வேறு. ஒன்றனால் மற்றொன்று நிகழ்வது வேறு. ஆங்கிலத்தில் இவ்விரு பொருளையும் உணர்த்தும் சொற்கள் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 'சப்சிக்வென்ட்லி', 'கான்சிக்வென்ட்லி' ஆகிய இரண்டும் 'பின்தொடர்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தவை. முன்னது காலத்தால் பிற்பட்டமையை மட்டும் சுட்டும். பின்னது காரணத் தொடர்பை உறுதிசெய்யும். 1852இல் வெளிவந்த ரொஜேயின் சொற்களஞ்சியமும் வரிசையை ஒரு பிரிவிலும் விளைவைப் பிறிதொரு பிரிவிலும் வைத்தது.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் எளிதில் நழுவுகிறது. மருந்து உட்கொண்ட நோயாளிக்குச் 'சப்சிக்வென்ட்லி' தலைச்சுற்றல் ஏற்பட்டது என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அது காலவரிசை மட்டுமே. அதனை 'இதன் விளைவாக' எனப் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டு மருந்தின்மீது ஏறிவிடும். நாளிதழ்த் தமிழில் பெருவழக்கான 'இதையடுத்து' என்பதும் இங்குப் பொருந்தாது. அது காரணத்தை வெளிப்படையாகக் கூறாமலே குறிப்பால் உணர்த்திவிடுகிறது. 'பின்னர்' என்பதே போதுமானது. 'என்ஸ்யூ' என்னும் வினையோ இரு பொருளுக்கும் இடைப்பட்டது. அதற்கு 'தொடர்ந்து நிகழ்தல்' ஏற்புடையது.

'சின்ஸ்' என்னும் சொல் தரும் இடர்ப்பாடு இதனினும் நுட்பமானது. 'அதன் பின்னர்' என்ற பழைய ஆங்கிலக் காலப்பொருளிலிருந்து வளர்ந்த இச்சொல், இன்று காரணத்தையும் சுட்டுகிறது. ஆசிரியர் சென்றமையையும் பணி நின்றமையையும் இச்சொல்லால் இணைக்கும் ஆங்கிலத் தொடரை இருவகையாகவும் படிக்கலாம். தமிழாக்குவோர் 'சென்றதிலிருந்து', 'சென்றதால்' ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழிலும் இத்தகைய நெகிழ்ச்சி இல்லாமல் இல்லை: 'எழுந்து சென்றார்' என்பதில் வரிசையைக் காட்டும் 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம், 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் காரணத்தையும் தருகிறது. எனினும் மேற்கண்ட ஆங்கிலத் தொடருக்கு அது கைகொடுப்பதில்லை.

விளைவுச் சொற்களுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. 'தேர்ஃபோர்', 'ஹென்ஸ்' ஆகியன பெரும்பாலும் எழுதுபவரின் முடிபைக் குறிப்பன. 'இங்கிருந்து' என இடத்தைச் சுட்டிய 'ஹென்ஸ்', காலத்தைக் கடந்து காரணத்திற்கு வந்தது. 'அஸ் எ ரிசல்ட்' என்பதோ நிகழ்வின் பயனைக் கூறுவது. கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்துள்ளது. எனவே எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கவேண்டும் என்னுமிடத்து 'அதன் விளைவாக' நில்லாது. ஆய்வேடுகளின் ஆங்கிலச் சுருக்கங்களில் இவ்விரண்டும் மயங்குவது அரிதன்று.

'ஆஃப்டர்மேத்' தனித்து நோக்கத்தக்கது. அறுவடைக்குப்பின் மீண்டும் தழைக்கும் புல்லைக் குறித்த உழவர் சொல் அது. நம் 'மறுதாம்பு' அதற்கு நெருங்கிய இணை. இன்று அது பேரிடரின் பின்விளைவையே பெரிதும் சுட்டுவதால், நற்பயனைக் கூறுமிடத்து அச்சொல்லை ஆளுதல் பொருந்தாது.