நனையாத கமராவும் பழுதாகும்

கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குப் பஞ்சாங்கமும் வானிலையும் ஒருசேர எசமானர்கள். சப்ரகமுவ மாகாணத்தில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. முகூர்த்தங்கள் நிறைந்த வைகாசி, ஆனி, ஆவணி மாதங்கள் மே முதல் செப்டெம்பர் வரை நீளும் தென்மேல் பருவக்காற்றுக்குள் விழுகின்றன. ஐப்பசியில் பிற்பகல் இடிமழை. தை மட்டுமே ஓரளவு காய்ந்த மாதம். அப்போதும் மழை அறவே நின்றுவிடுவதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்கு. கொழும்பிலிருந்து வரும் வீதியில் இரத்தினபுரிக்குச் சற்று முன்னால், குரு கங்கையை ஒட்டிக் கிடக்கும் குருவிட்டவும் அதைச் சுற்றிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் இந்த மழைக்குள்தான் இருக்கின்றன.

அதே தை முகூர்த்தத்தில் ரொறன்ரோவில் படம் எடுக்கும் தமிழருக்குக் காலடியில் பனி கிடக்கும். ஒருவருக்கு மழை, மற்றவருக்கு உறைபனி என்றாலும் இருவரின் கமராவையும் தொல்லைப்படுத்துவது ஒரே பொருள்: நீர். திரவமாக, திண்மமாக, ஆவியாக அது எடுக்கும் வடிவங்களில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவதுதான் அதிகக் கேடு செய்கிறது.

முதலில் வெளிச்சம். முழுதும் மூடிய வானம் எல்லாப் பக்கமும் சமமாக ஒளிர்வதில்லை. உச்சி, அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். வெளிச்சம் மேலிருந்து இறங்குவதால் நெற்றியும் மூக்கும் துலங்க, கண்குழிகள் இருண்டுவிடும். மணப்பெண் இரவெல்லாம் தூங்காதவள் போலப் படத்தில் தெரிவதற்கு இதுவே காரணம். ஒப்பனைக்காரரை நோவதில் பயனில்லை. பனிநாட்டில் இந்தக் குறை தானே தீர்ந்துவிடுகிறது. புதிதாய் விழுந்த பனி, தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. நிலமே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். தேயிலைச் செடி அப்படியல்ல. அது பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிட்டு, திருப்பும் கொஞ்சத்தையும் பச்சையாகத் திருப்புகிறது. செடிகளுக்கு நடுவே இடுப்பளவு மறைந்து நிற்கும் மணமக்களின் தாடையடியில் மெல்லிய பச்சை படர்வதை உற்றுப் பார்த்தால் காணலாம். உதவியாளர் ஒருவர் சட்டத்துக்கு வெளியே குந்தியிருந்து வெள்ளை ரெஜிபோம் பலகையைப் பிடித்தால், அது பனித்தரையின் வேலையைச் செய்துவிடும்.

குடையும் ஒரு விளக்குத்தான். சிவப்புக் குடைக்குக் கீழே முகம் சிவக்கும், நீலக் குடைக்குக் கீழே வெளிறும். கறுப்புக் குடை மேலிருந்து வரும் ஒளியை அடைத்துவிடும்; ஆனால் பக்கத்திலிருந்து வருவதை விட்டுவைப்பதால், சில முகங்களுக்கு அது நல்ல வடிவத்தைக் கூடத் தரும். நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வெள்ளைக் குடையோ ஒளி ஊடுருவும் குடையோ நல்லது.

கமராவின் ஒளிமானிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதிரில் இருப்பது எதுவானாலும், வந்துவிழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே பனிவெளியைச் சாம்பலாக்கிவிடுகிறது. ரொறன்ரோக்காரர் ஒளியளவை ஒன்றரை, இரண்டு 'ஸ்டொப்' கூட்டித்தான் பனியை வெள்ளையாக்க வேண்டும். குருவிட்டவில் பனிக்குப் பதில் வெளுத்த வானம். மேட்டில் நிற்கும் மணமக்களைக் கீழிருந்து எடுத்தால் சட்டத்தின் பாதியை வானம் பிடித்துக்கொள்ள, மானி ஏமாந்து முகங்களைக் கறுப்பாக்கும். தேவாலயத்துக்கு வெண்ணிற உடையில் வரும் மணமகளிடமும், வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையிடமும் இதே ஏமாற்றம்தான். இன்றைய கமராக்கள் முகத்தை அடையாளம் கண்டு அளப்பதால் தவறு குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

மழைத்துளி விழுவதைப் படத்தில் கோடாகவும் காட்டலாம், முத்தாகவும் காட்டலாம். 2 மில்லிமீற்றர் அகலமுள்ள துளி செக்கனுக்கு ஆறரை மீற்றர் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் செக்கனில் 60இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் துளி 11 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். படத்தில் நீண்ட கோடு. ஆயிரத்தில் ஒரு பங்கானால் அரைச் சென்ரிமீற்றரை விடச் சற்றுக் கூடுதல். பனித்துகள் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில்தான் மிதந்து இறங்குகிறது என்பதால் அதே ஷட்டரில் ஏறத்தாழப் புள்ளியாகவே நிற்கும். பனி கொட்டும் படங்கள் அமைதியாகவும் மழைப் படங்கள் பரபரப்பாகவும் தோன்றுவதற்கு இந்த வேக வித்தியாசமே காரணம்.

கமராவின் தலைமேல் இருக்கும் பிளாஷை மழையில் அடித்தால், லென்ஸுக்கு அருகிலுள்ள துளிகள் முதலில் ஒளிர்ந்து, குவியம் தப்பிய வெள்ளை வட்டங்களாக மணமக்களின் முகத்தை மறைக்கும். பிளாஷை மணமக்களுக்குப் பின்னால் வைத்தால் நிலைமை தலைகீழ். நீர்த்துளி, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே வளைத்து அனுப்பும் சிறு வில்லை. அதனால் பின்னொளியில் ஒவ்வொரு துளியும் மின்னும். விளக்குத் தாங்கிக்குப் பொலித்தீன் பையும், காற்றடித்தால் சாயாமல் இருக்கக் காலடியில் ஒரு கல்லும் தேவை. இடிமழையில் இதைச் செய்யவே கூடாது: உலோகத் தாங்கியைப் பிடித்தபடி திறந்த தேயிலை மேட்டில் நிற்பது, மின்னலுக்கு மிக உயரமான இலக்காக நிற்பது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 செக்கன் எடுக்கும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கன் இல்லையென்றால் இடி 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது, எல்லோரும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். சோடிப் படங்களுக்குப் பேர்போன போபத் எல்லவில் இன்னோர் ஆபத்து. அரசிலை வடிவில் சுமார் 30 மீற்றர் இறங்கும் அந்த அருவியின் அடியில் வெயில் அடிக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை குரு கங்கையில் திடீரெனப் பெருகி வந்துவிடலாம். அட்டை கடிப்பது இவற்றோடு பார்த்தால் சிறு தொல்லை. என்றாலும் எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகும் பாதையோரத்தில் பட்டுச்சேலையோடு நிற்கும் மணப்பெண்ணுக்கு அதைச் சொன்னால் கோபம் வரும்.

மழை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதற்குப் பயப்படுகிறார்கள். நீராவிக்குப் பயப்படுவதில்லை. காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு வெப்பநிலையைப் பொறுத்த ஓர் எல்லை உண்டு. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்தப் புள்ளியில் அது நீரைக் கக்கத் தொடங்குமோ, அதுவே பனிபடுநிலை. 28 பாகை செல்சியஸ் வெப்பமும் 85 சதவீத ஈரப்பதனும் கொண்ட குருவிட்டக் காற்றுக்குப் பனிபடுநிலை சுமார் 25 பாகை. ஏ.சி. போட்ட ஒப்பனை அறையில் 20 பாகைக்குக் குளிர்ந்த கமராவை வெளியே கொண்டுவந்த நொடியில், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் வியர்ப்பது போல லென்ஸ் வியர்க்கும். மணப்பெண் படியிறங்கி வரும் அந்தச் சில நிமிடங்கள் வெண்புகையாகப் போய்விடும். துடைத்தாலும் மீண்டும் படியும். கண்ணாடி சூடேறும் வரை வேறு வழியில்லை. ஸூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது ஈரக்காற்றை உள்ளேயும் இழுப்பதால், துடைக்க முடியாத இடத்திலும் ஈரம் படியலாம்.

கனடாவில் திசை மட்டும் மாறுகிறது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் இருந்த கமரா, 21 பாகையும் 40 சதவீத ஈரப்பதனும் உள்ள மண்டபத்துக்குள் வருகிறது. அந்தக் காற்றின் பனிபடுநிலை 7 பாகைதான். என்றாலும் கமரா அதைவிட மிகக் குளிர்ந்திருப்பதால் ஈரம் படிந்து உறையவும் கூடும். இரு நாட்டுக்கும் பரிகாரம் ஒன்றே. குளிர்ந்த இடத்திலேயே கமராவைக் காற்றுப் புகாத பொலித்தீன் பைக்குள் மூடி, சூடான இடத்துக்குக் கொண்டுபோய், அது சூடேறிய பின் திறக்க வேண்டும். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும்.

பற்றரியில் மட்டும் குருவிட்டக்காரருக்கு அதிர்ஷ்டம். லிதியம் அயன்கள் கடுங்குளிரில் மந்தமாக நகர்வதால் பனிநாட்டில் பற்றரி பாதியிலேயே கைவிடும்; அங்குள்ளவர்கள் மாற்றுப் பற்றரியை உடம்புச்சூடு படும் உட்பையில் வைத்திருப்பார்கள். பெரும்பாலான கமராக்களின் கையேட்டில் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 பாகை என்றே இருக்கும். குருவிட்ட அந்த எல்லைக்குள் சௌகரியமாக அடங்கிவிடுகிறது.

ஆனால் அந்தச் சௌகரியமான வெப்பம் பூஞ்சணத்துக்கும் பிடிக்கும். படக்காரர்கள் 'பங்கஸ்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது இதைத்தான். வித்துகள் எந்தக் காற்றிலும் உண்டு. ஈரப்பதன் 60, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால், கண்ணாடியில் படிந்த தூசியையும் விரல் எண்ணெயையும் தின்று சிலந்தி வலை போல இழை விடும். அவை சுரக்கும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும். பிறகு இழையைத் துடைத்தாலும் வடு போகாது. தோல் பைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டப்பட்ட, ஆடி மாதம் முழுதும் வேலையில்லாத லென்ஸுக்கே இந்த நோய் அதிகம். தினமும் மழையில் அலைந்து, துடைத்துக் காற்றாடும் லென்ஸ் பெரும்பாலும் தப்பிவிடும். 40 முதல் 50 சதவீத ஈரப்பதன் காக்கும் உலர்பெட்டி நல்லது. வசதியில்லாதவர்களுக்கு, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் மலிவான ஈரமானியும் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தாவிட்டால், அது வெறும் மணல்.

படக்கலையோடு ஈரம் நடத்தும் இந்தச் சண்டை பழையது. உருவப்படக் கலையின் முன்னோடியான யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, குரு கங்கை கலக்கும் களு கங்கையின் முகத்துவாரமான களுத்துறையில் வாழ்ந்தார். தோட்டத் தொழிலாளரைப் படம் பிடித்த தொடக்க காலத்தவர்களில் அவரும் ஒருவர். 1879இல் மறைந்த அவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் தகட்டை, பூச்சு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பின்னர் வந்த பிலிமும் படத்தாளும் ஜெலற்றினைச் சுமந்தன. விலங்குப் புரதமான ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு விருந்து. ஈரம் பட்டால் ஊதி, காயும்போது பசையாகும். லயன் வீட்டுச் சுவரில் தொங்கும் கல்யாணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போவது இதனால்தான். சட்டத்தின் ஓரத்தில் தடித்த அட்டை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால் இது நேராது.

2003 மே, 2017 மே வெள்ளங்களில் இரத்தினபுரி மாவட்டம் மூழ்கியபோது அல்பங்களும் சேற்றில் போயின. நனைந்த ஆய்வுகூடப் பிரதிகள் பலவற்றைக் காப்பாற்றலாம் என்பதை, 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானியத் தன்னார்வலர்கள் சேற்றுப் படங்களைக் கழுவிக் காட்டினார்கள். ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசிப் பிரித்து, படமுகம் மேலே தெரிய நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால் பையிலிட்டு உறையவைக்கலாம். இங்க்ஜெட் பிரதிகளை மட்டும் நீரில் ஊறவிடக் கூடாது, சாயம் கரைந்துவிடும். அடுத்த வெள்ளத்தில் சேறு படிந்த அல்பத்தைக் குப்பையோடு வீசுவதற்கு முன் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.