கடலோர வீடுகளும் பின்கட்டு அறைகளும்

"கடலோரத்தில் ஒரு வீடு" என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? மொழிக்கழக நண்பர்கள் சிலரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். அகன்ற வராந்தா, தென்னை மரம், மாலைச் சூரியன், அனலில் சுடும் மீன் என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கிள்ளானில் வாழும் என் பாட்டியிடமும் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல், "துரு" என்றார். "ஆணி, கீலு, பூட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் துருதாம்மா. துடைச்சுத் துடைச்சுக் கை ஓஞ்சு போச்சு" என்றார்.

அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து. ஒரே வீட்டை விருந்தாளி ஒரு விதமாகவும் வீட்டைக் காப்பவர் வேறு விதமாகவும் பார்க்கிறார்கள். உலகில் எழுதப்பட்ட கடலோர வீட்டு நாவல்களையும் இந்த இரண்டு பார்வைகளைக் கொண்டே பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

கடற்கரை ஓய்விடமான கதை

மனிதன் ஓய்வெடுப்பதற்காகக் கடற்கரையில் வீடு கட்டத் தொடங்கியது மிகப் பழைய வழக்கம் அன்று. கடலோரம் என்பது நெடுங்காலம் மீனவரும் மாலுமியும் வணிகரும் வாழ்ந்த இடம். நம் சங்க இலக்கியத்தின் நெய்தல் திணையும் உழைக்கும் மக்களின் நிலமாகத்தான் அமைந்துள்ளது. பரதவர் வலை உலர்த்துவதும், உமணர் உப்பு விற்கச் செல்வதும், தலைவி பிரிவை எண்ணி இரங்குவதும் அங்கே உண்டு. விடுமுறைக்கு வந்து தங்கிச் செல்வோர் அந்நிலத்தின் மாந்தர் அல்லர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இந்நிலை மாறியது. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும்கூட நோய்க்கு மருந்து என்று எழுதினார். செல்வந்தர்கள் பிரைட்டன் போன்ற மீனவ ஊர்களை நோக்கிப் படையெடுத்தனர். அடுத்த நூற்றாண்டில் ரயில் வந்ததும் நடுத்தர மக்களும் சேர்ந்துகொண்டனர். அந்த மோகத்தைக் கேலி செய்து ஜேன் ஆஸ்டின் 1817-இல் 'சேண்டிடன்' என்ற நாவலைத் தொடங்கினார். அதை முடிக்கும் முன்பே காலமானார். ஆக, கடற்கரை ஓய்விடமான சில பத்தாண்டுகளிலேயே அது நாவலுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

போர்ட்டிக்சனுக்கு வந்த வராந்தா

ஆங்கிலேயர் இந்தப் பழக்கத்தை மலாயாவுக்கும் கொண்டு வந்தனர். குளிருக்குக் கேமரன் மலையும் பிரேசர் மலையும் இருந்தன. கடலுக்கு எங்கே போவது? சிலாங்கூர் கடற்கரையில் பெரும்பகுதி சேறும் கண்டல் காடுமாகும். மோரிப்பில் மணல் உண்டு. ஆனால் நீர் வற்றினால் சேறு தெரியும். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள் பிரிட்டிஷ் தரப்பின் இந்தியப் படைப்பிரிவு மோரிப்பில் தரையிறங்கியபோது வாகனங்கள் பல அந்தச் சேற்றில் சிக்கிக்கொண்டன என்பது வரலாறு.

எனவே கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்ட்டிக்சன் விடுமுறைக் கடற்கரை ஆயிற்று. ஈயம் ஏற்றுமதி செய்யும் துறைமுகமாகத் தொடங்கிய ஊர் அது. சிரம்பானிலிருந்து அங்கே 1891-இலேயே ரயில் பாதை போடப்பட்டது. ஐரோப்பிய வணிக நிறுவனங்களும் தோட்டக் கம்பெனிகளும் தங்கள் அதிகாரிகள் ஓய்வெடுக்க அங்கே பங்களாக்கள் கட்டின. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், இன்றும் மக்கள் இடங்களை மைல் கணக்கில்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

பங்களா என்ற சொல் வங்காளத்திலிருந்து வந்தது. வங்காளக் குடிசையின் தாழ்ந்த கூரையும் திண்ணையும் வெள்ளைக்காரரின் வராந்தா வீடாக வளர்ந்தன. அதன் அமைப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. சூடான காற்று மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. ஆகவே வராந்தாவும் படுக்கையறைகளும் கடலை நோக்கி இருக்கும். புகையும் தீயும் வீட்டைத் தொடாதிருக்கச் சமையற்கட்டைப் பின்னால் தள்ளிக் கட்டி, கூரை போட்ட நடைபாதையால் இணைப்பார்கள். அதற்கும் பின்னால் வேலைக்காரர் அறைகள் இருக்கும். காற்று முழுவதும் முன்பக்கத்துக்கு. வெக்கை முழுவதும் பின்பக்கத்துக்கு.

என் பாட்டி 1971-இல், தம் இருபத்திரண்டாவது வயதில், அப்படிப்பட்ட ஒரு கம்பெனி பங்களாவின் பின்கட்டுக்குக் குடிபோனார். தாத்தா தோட்டக்காரர், பாட்டி சமையலும் துப்புரவும். இன்று எனக்கும் அதே வயது. பதினேழு ஆண்டுகள் அவர் அங்கே வாழ்ந்தார். என் அப்பா அந்தப் பின்கட்டு அறையில்தான் வளர்ந்தார். அறையின் ஒரே ஜன்னல் சாலைப் பக்கம் இருந்ததாம். கடலின் ஓசை இரவெல்லாம் கேட்கும், கடல் தெரியாது.

துருவைப் பற்றிப் பாட்டி சொன்னது அறிவியலுக்கும் பொருந்துகிறது. அலை உடையும்போது எழும் நுண்ணிய துளிகள் உப்பைச் சுமந்துகொண்டு காற்றில் வருகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழை இல்லாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு துருப்பிடிப்பதை மேலும் விரைவுபடுத்தும். துணியால் துடைத்து எண்ணெய் தடவுவதை நிறுத்தினால் சில மாதங்களிலேயே கீல் இறுகிவிடும். கடலோர வீடு தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவரின் கை அதை நாள்தோறும் நிறுத்தி வைக்கிறது.

ஆங்கில நாவல்களில் கடலோர வீடு

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, அங்குள்ள நூலகத்தில் டாஃப்னி டு மாரியரின் 'ரெபேக்கா' சுருக்கப் பதிப்பு கிடைத்தது. 1938-இல் வெளிவந்த நாவல் அது. கடலோர மாளிகையான மேண்டர்லியும், கரையில் தனித்து நிற்கும் படகுக் குடிலும், இறந்துபோன முதல் மனைவியின் இரகசியமும் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இப்போது யோசித்தால், அந்த வீட்டின் உயிர் அதன் எசமானிடம் இல்லை. வீட்டு நிருவாகியான திருமதி டேன்வர்ஸிடம்தான் இருக்கிறது. எந்த அறையில் எது இருக்கிறது என்று அறிந்தவர் அவர் ஒருவரே. ஆனால் கதை அவரை ஒரு பேயைப் போலவே காட்டுகிறது.

வர்ஜீனியா வுல்ஃபின் குடும்பம் 1882 முதல் 1894 வரை கோடை விடுமுறைகளைக் கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் ஒரு கடலோர வீட்டில் கழித்தது. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் தெரியும். தாயார் 1895-இல் இறந்தபின் அந்த வீடு கைவிடப்பட்டது. அந்த நினைவிலிருந்து பிறந்ததுதான் 1927-இல் வெளிவந்த 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' என்று பொருள்படும் நாவல். கதையை அவர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு மாற்றிக்கொண்டார். அதன் நடுப்பகுதியில் பத்தாண்டுகள் வீடு ஆளின்றிக் கிடக்கிறது. உலகப் போர் வந்து போகிறது. குடும்பத்தில் சிலர் இறக்கிறார்கள். பூஞ்சணமும் எலியும் பிடித்த வீட்டை மக்நாப் என்ற கிழவி இன்னொருத்தியோடு சேர்ந்து தேய்த்துக் கழுவி மீட்கிறாள். பல்கலைக்கழகத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது என்னை அறியாமல் "பாட்டி!" என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சில பக்கங்களே கிடைக்கின்றன. அவள் இல்லாவிட்டால் மூன்றாம் பகுதியில் குடும்பம் திரும்பி வர வீடே இருந்திருக்காது.

நம் நாட்டிலும் இத்தகைய நாவல் உண்டு. 1911-இல் கோலாலம்பூரில் எத்தல் பிராவ்ட்லாக் என்ற பெண், வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைத் தம் பங்களா வராந்தாவில் சுட்டுக் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிலாங்கூர் சுல்தானின் மன்னிப்பைப் பெற்றார். மலாயாவில் பயணம் செய்த எழுத்தாளர் சாமர்செட் மாம் அந்த நிகழ்ச்சியைச் சிறுகதையாக்கினார். பினாங்கில் பிறந்த தான் துவான் எங் 2023-இல் வெளியிட்ட 'கதவுகளின் வீடு' என்று பொருள்படும் ஆங்கில நாவலில், பினாங்குக் கடலோர வீடு ஒன்றில் மாம் விருந்தாளியாகத் தங்குகிறார். அந்த வீட்டுத் தலைவி சொல்லும் கதையில் கோலாலம்பூர்க் கொலையும் இடம்பெறுகிறது. விருந்தாளியும் வராந்தாவும் இரகசியமும் இங்கேயும் வந்துவிடுகின்றன.

தமிழ் நாவல்களில் கடலோர வீடு

பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' எனக்கு வேறொரு கடலோர வீட்டைக் காட்டியது. 1977-இல் வெளிவந்த இந்நாவலில் குரூஸ் மிக்கேல் என்ற மீனவர் இருக்கிறார். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு வரச் சொல்கிறான் மகன் செபஸ்தி. தகப்பனுக்கு அது உயிரை விற்பதற்குச் சமம். இங்கே வீடு ஓய்விடம் அன்று. தொழிலும் மானமும் அதுவே.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலானது. அதில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரமும் வீட்டுப் பெருமையும் சரிவதைக் காண்கிறோம். 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'சாய்வு நாற்காலி'யில் முஸ்தபாக்கண்ணு பரம்பரை வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆமந்துறை என்ற ஊரின் மூன்று தலைமுறைகளைக் கூறுகிறது. அங்கே கடற்கரை வீடு என்பது கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று காத்திருக்கும் இடம்.

வேறுபாடு தெளிவாகிறது அல்லவா? ஆங்கில நாவலில் மனிதர்கள் கடலோர வீட்டுக்கு வருகிறார்கள். தமிழ் நாவலில் அதை விட்டுப் போக நேர்கிறது, அல்லது அதைக் காப்பாற்றப் போராடுகிறார்கள். இந்தப் போராட்டம் ஏட்டோடு நிற்பதும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தமிழகத்தில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்த மீனவர்களுக்கு அதற்கு அப்பால் புது வீடுகள் தர அரசு முன்வந்தது. கடலை விட்டு விலகினால் வலையையும் படகையும் யார் காப்பது என்று பலர் தயங்கினர். அதே கடற்கரையில், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஓய்வு வீடுகள் வரிசையாக நிற்கின்றன.

நம் கதை எங்கே?

மலேசியத் தமிழராகிய நாம் இந்த இரண்டு வகையிலும் அடங்கவில்லை. கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இன்று கிள்ளான் துறைமுகம் என்று வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள் உடனே உள்நாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அதனால் நம் நாவல் பெரும்பாலும் ரப்பர்க் காட்டிலும் லயன் வீட்டிலும் வளர்ந்தது. அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' ஆற்றோர மக்களின் போர்க்கால வாழ்வைப் பதிவு செய்தது. கடலோரத்தில் நமக்குக் கிடைத்த இடம், பிறர் வீட்டின் பின்கட்டு. சாவி நம்மிடம் இருந்தது. வீடு நம்முடையதாக இல்லை.

1988-இல் கம்பெனி அந்தப் பங்களாவை விற்றது. பாட்டியின் கையில் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடும்பம் கிள்ளானுக்கு வந்தது. அந்த வீடு இடிக்கப்பட்டு இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் முகாமுக்காகப் போர்ட்டிக்சனில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். அதன் பின்கட்டு அறையில் உடைந்த நாற்காலிகளும் காற்றுப் போன மிதவைகளும் குவிந்திருந்தன. படம் எடுத்து வந்து பாட்டியிடம் காட்டினேன். "ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். பள்ளி விடுமுறையில் அப்பாவும் நானும் அதே வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றோம். முதன்முறையாகக் கடலைப் பார்த்தபடி ஒரு வராந்தாவில் உட்கார்ந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எழுந்துபோய்ச் சேலைத் தலைப்பால் ஜன்னல் கீலைத் துடைக்கத் தொடங்கினார். "விடுங்கம்மா" என்றார் அப்பா. "இன்னும் ஆறு மாசத்துல இது இறுகிடும்டா" என்றார் பாட்டி.

எனவே, அன்பு வாசகர்களே, நம்மிடையே இன்னும் எழுதப்பட வேண்டிய ஒரு கடலோர நாவல் இருக்கிறது. அதன் வராந்தாவை ஆங்கிலத்தில் பலர் எழுதிவிட்டார்கள். பின்கட்டை அறிந்தவர்கள் நம் வீடுகளில் முதுமையில் இருக்கிறார்கள். பாட்டிக்கு இப்போது சில பெயர்கள் மறக்கத் தொடங்கியுள்ளன. அவர் சொல்வதை நான் கைப்பேசியில் பதிந்து வருகிறேன். இதுவரை பதினொரு பதிவுகள் ஆகியுள்ளன. உங்கள் வீட்டிலும் பிறர் வீட்டைக் காத்த ஒருவர் இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் அவர் அருகே சற்று உட்கார்ந்து கேளுங்கள்.