ஊர் மாறினால் ஊதியம் குறையலாமா?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் கல்லூரிகள் உண்டு. அவற்றில் கணினி கற்றவர்க்கோ பணியிடம் பெரும்பாலும் சென்னைதான். 2020-க்குப் பின் வீட்டிலிருந்தே பணியாற்றுவது பரவியபோது, 'சொந்த ஊரில் இருப்பவருக்குச் சென்னை ஊதியம் எதற்கு?' என்ற கேள்வியும் எழுந்தது.

இதற்கு மத்திய அரசின் வீட்டு வாடகைப்படி நல்ல அளவுகோல். அடிப்படை ஊதியத்தில் 'எக்ஸ்' பிரிவான சென்னைக்கு 30%, 'ஒய்' பிரிவான திருச்சிக்கு 20%, 'இசட்' பிரிவில் வரும் நம் இரு ஊர்களுக்கும் 10%. அடிப்படை ஊதியம் ரூ.50,000 எனில், சென்னையில் ரூ.15,000, இங்கு ரூ.5,000. ஆக, மாதம் பத்தாயிரம் ரூபாய் வேறுபாடு. ஆனால், மாறுவது படி மட்டுமே. அடிப்படை ஊதியம் எங்கும் ஒன்றுதான். தனியார் நிறுவனங்கள் பின்பற்ற வேண்டியதும் இந்நெறியையே. எழுதும் நிரல் ஊரைப் பொறுத்துத் தரம் குறைவதில்லையே!

சிற்றூரில் செலவு குறைவு என்பதும் பாதி உண்மையே. வாடகை குறைவுதான், மடிக்கணினியும் சமையல் எண்ணெயும் அப்படியல்ல. மின்தடைக்கு இன்வெர்ட்டரைப் பணியாளரே வாங்குகிறார். அலுவலகம் நேரில் அழைத்தால் அரியலூர்க்காரர் ரயிலேறிச் சென்னை செல்லலாம். மாவட்டத் தலைநகராகி முப்பதாண்டுகள் ஆகியும் ரயில் நிலையம் காணாத பெரம்பலூரில் இருப்பவருக்குப் பேருந்துதான் கதி.