பழைய கட்டளைக்குப் பணியும் புதிய சில்லுகள்

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணனியை வெளியிட்டது. அதன் மூளையாக அமைந்தது இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் நுண்செயலியாகும். நாம் இன்று பயன்படுத்தும் கணனிகளிற் பல, அச்சிறு சில்லின் கட்டளைகளை இன்னமும் விளங்கிக் கொள்கின்றன. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று.

ஒவ்வொரு நுண்செயலிக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. கூட்டு, ஒப்பிடு, நினைவகத்திலிருந்து எடு என்பன போன்ற கட்டளைகள் யாவும் எண்களாகவே அதனைச் சென்றடைகின்றன. ஒரு தொகுதிக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் வேறொரு தொகுதியில் நேரடியாக இயங்காது. ஆகவே, சில்லு மாறும்போது கட்டளைகளும் மாறுமாயின், நாம் பணங்கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் பயனற்றுப் போகும். 1982இல் வந்த 80286உம், 1985இல் வந்த 80386உம் பழைய கட்டளைகளையும் ஏற்கும் வண்ணம் அமைக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

ஆயினும், ஒரே நிறுவனத்தையே நம்பியிருப்பது ஆபத்தானது. இரண்டாவது வழங்குநர் ஒருவரும் வேண்டுமென ஐ.பி.எம். விரும்பியது. இதன் விளைவாக 1982இல் இன்ரெலும் ஏ.எம்.டி.யும் உடன்படிக்கை செய்துகொண்டன. 80386 வந்தபோதோ, அதனை ஏ.எம்.டி.க்கு வழங்க இன்ரெல் மறுத்தது. பல ஆண்டுகள் நீடித்த சட்டப் போராட்டத்தினிடையே, 1991இல் ஏ.எம்.டி. தனது சொந்த 386 சில்லை வெளியிட்டது.

ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனமும் இக்களத்தில் இறங்கியது. அதன் வி20 சில்லை, 8088ஐக் கழற்றிவிட்டு அதே இடத்திற் பொருத்தலாம், வேகமும் கூடும். தமது நுண்கட்டளை நிரல் பிரதிசெய்யப்பட்டதாக இன்ரெல் குற்றஞ்சாட்டியது. 1989இல் அமெரிக்க நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது: அத்தகைய நிரலுக்குப் பதிப்புரிமை உண்டு, எனினும் என்.ஈ.சி. அதனை மீறவில்லை.

2003இல் நிலைமை தலைகீழானது. பழைய கட்டளைகளைக் கைவிடாது ஏ.எம்.டி. உருவாக்கிய 64 பிற் விரிவாக்கத்தை, மறு ஆண்டே இன்ரெலும் பின்பற்றியது.

கட்டளை மொழி ஒருவருக்கே உரித்தாகியிருப்பின், வாங்குவோர் அனைவரும் ஒரே வாசலிற் காத்துநின்று, கேட்ட விலையைக் கொடுத்திருப்போம். அளந்து செலவிடும் குடும்பங்களின் மேசைக்கும் கணனி வந்து சேர்ந்ததில், இந்த ஒத்தியங்கும் சில்லுகளுக்குப் பெரும் பங்குண்டு.